சிவப்புப் பெருக்கல் குறிக்கு நீங்கள்தான் பொறுப்பு

அன்புள்ள கொழுந்தனார் அவர்களுக்கு,

உங்கள் அண்ணி எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதலில் அங்கே எல்லாரும் சௌக்கியமா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். அடுத்து இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத வேண்டும். இங்கே எல்லாரும் என்றால் இப்போது நான் ஒருத்திதான். நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள். மரியாதைப் பகுதி இத்துடன் முடிந்தது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் உங்களைத் திட்ட ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. உடனே நீங்களும் "அழாதீங்க அண்ணி, அண்ணி அழாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே தப்பித்துக்கொள்கிறீர்கள். அழுதுகொண்டே திட்டினால் திட்டு எடுபடாது என்பதை நான் தெரிந்துகொண்டேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் எங்காவது எழுத்து கலைந்திருந்தால் அது தண்ணீர் டம்ளர் வைத்த இடம். வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் முன்னறையில் போட்டோ எடுப்பார், நான் உள்ளே உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி, வெளுத்து, தாளில் எடுத்துக் கொடுப்பேன். இத்தனை வருஷமாக நம் கடை நடந்தது அப்படித்தான். எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுதப் படிக்க வரும், இங்கிலீஷ் எனக்குக் காக்கா கிறுக்கல். அந்தப் புரோகிராமின் தலையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள் இருக்கின்றன அல்லவா, முதல் நாள் அவற்றைப் பார்த்ததும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். ஒவ்வொன்றிலும் ஏதோ கோடு, ஏதோ வளைவு. ஒரு பொத்தானில் சதுரமாக ஒரு சாமான். அது என்ன என்று கேட்டேன். "ஃப்ளாப்பின்னு பேரு, அந்தக் காலத்துல எல்லாத்தையும் இதுலதான் பத்திரமா வெச்சாங்க" என்றார். "இப்ப?" என்றேன். "இப்ப அந்தச் சாமானே கிடையாது" என்றார். இல்லாத சாமானின் படத்தைப் போட்டு, இருக்கிற சாமானைப் பத்திரமாக வைக்கிறேன் என்றால் எந்தப் பொம்பளை நம்புவாள், நீங்களே சொல்லுங்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். அந்தப் புரோகிராமில் பொத்தானுக்கு நமக்குப் பிடித்த படத்தை வைத்துக்கொள்ளலாமாம். வெட்டுவதற்குத் தன் மீசை கத்தரிக்கிற கத்தரிக்கோலை வைத்தார். பின்னால் தெரிகிற சுவரை வெள்ளையாக்குவதற்கு, நான் துணி வெளுக்கிற நீல வாளி. வெளிச்சம் கூட்டுவதற்குச் சமையலறை பல்பு. படத்தைத் திருப்புவதற்கு மேஜை ஃபேன். இடது பக்கத்தை வலது பக்கமாக்குவதற்குக் கைக்கண்ணாடி. முகத்தில் பருவை எடுப்பதற்குக் கைக்குட்டை. பத்திரப்படுத்துவதற்கு நம் அலமாரிப் பூட்டு. எல்லாம் முடிந்து புரோகிராமை மூடுவதற்கு, வாசலைப் பார்த்துக் கழற்றி விட்ட அவருடைய செருப்பு. கடைசியாக, செய்ததைச் செய்யாத மாதிரி பின்னால் கொண்டுபோகிற பொத்தானுக்கு, தன் முகத்தையே எடுத்து வைத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "என்னங்க இது, இப்படி ஒரு மூஞ்சி?" என்றேன். "தப்பு பண்ணினா நான் இந்த மூஞ்சியைத்தானே வெச்சுக்கறேன். உனக்கு நல்லாப் பழகின மூஞ்சி, பாத்ததும் கண்டுபிடிச்சிடுவ" என்றார். அதற்கப்புறம் நான் எழுந்து போகவில்லை. அந்த நாற்காலியை விட்டு அவராலேயே என்னை எழுப்ப முடியவில்லை.

இப்போது உங்கள் பங்கு. அவர் போன பிறகு நீங்கள் வந்து ஒரு வாரம் தங்கினீர்கள். நல்லது. தம்பி என்றால் வர வேண்டியதுதான். ஆனால் வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசினோம், காபி குடித்தோம் என்று இருக்கக் கூடாதா? "கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே குப்பையா இருக்கு அண்ணி, கொஞ்சம் சுத்தம் பண்ணி வைக்கறேன்" என்று கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கத் தெரியாத மனுஷன் என்று உங்கள் மனைவி என்னிடம் எத்தனையோ தரம் சொல்லி மூக்கைச் சிந்தியிருக்கிறாள். அப்படிப்பட்டவருக்கு அடுத்தவர் வீட்டில் என்ன திடீர்ச் சுத்தம்? சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து "முடிஞ்சுது அண்ணி" என்றீர்கள். உண்மைதான். முடிந்துவிட்டது.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு கடையைத் திறந்தேன். பெருக்கினேன், துடைத்தேன், அவர் உட்காருகிற ஸ்டூலைப் பார்க்காமல் தாண்டிப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். வாளியைக் காணோம். கத்தரிக்கோலைக் காணோம். பல்பு, ஃபேன், பூட்டு, செருப்பு, ஒன்றையும் காணோம். வரிசையாகச் சாம்பல் நிறத்தில் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. ஒரு கணக்கும் சரியாகப் போடாத பிள்ளையின் பரீட்சைத் தாள் மாதிரி இருந்தது. அவர் முகம் இருந்த இடத்திலும் பெருக்கல் குறி. தம்பி, அவர் இறந்துபோனார் என்று டாக்டர் வந்து சொன்னபோது எனக்குப் புரியவில்லை. இதைப் பார்த்தபோது புரிந்தது.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "அணைச்சுட்டுப் போடுங்க அண்ணி" என்றீர்கள். போட்டேன். பெருக்கல் குறி. "படம்தானே அண்ணி போச்சு, பொத்தான் இருக்கே, வேலை செய்யுமே" என்றீர்கள். வேலை செய்கிறது, எந்த வேலை என்றுதான் தெரியவில்லை. "மேல அம்புக்குறியைக் கொண்டுபோங்க, பேர் வரும்" என்றீர்கள். வந்தது. மஞ்சளாக ஒரு துண்டுச் சீட்டு, முழுக்க இங்கிலீஷ். "சரி, இத்தனை வருஷம் வேலை பாத்திருக்கீங்க, எது எங்க இருக்கும்னு இடம் தெரியாதா?" என்றீர்கள். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். நீங்கள் உங்கள் பெண்டாட்டியை முகத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறீர்களா, கட்டிலில் வலது பக்கம் படுத்திருக்கிறாள் என்று இடத்தை வைத்தா?

இடத்தை வைத்தும் செய்து பார்த்தேன். அந்தக் கூத்தையும் கேளுங்கள். லைசென்ஸுக்குப் படம் வேண்டும் என்று ஒரு லாரி டிரைவர் வந்தார். இப்போது கேமராவைத் தூக்குவதும் நான்தான், எடுத்தேன். சுவரை வெள்ளையாக்க வாளி இருந்த இடம் என்று நினைத்து அமுக்கினேன், அது கைக்கண்ணாடி. சுவர் அப்படியே இருக்கிறது, டிரைவரின் மச்சம் இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போய்விட்டது. எனக்கு மச்சம் கண்ணில் படவில்லை, அவசரத்தில் தாளில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆபீஸில் இது நீங்கள் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மனுஷன் வந்து வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா, அப்ப நான் யாரு?" என்கிறார். அடுத்தது ஒரு தலைமை ஆசிரியர். பார்த்தாலே கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். கத்தரிக்கோல் என்று நினைத்து அமுக்கினால் ஃபேன். தலைகீழாக நின்றுவிட்டார். சரி, தப்பு செய்தால் திருத்த அவர் முகம் இருக்கிறதே என்று தேடினால் அங்கேயும் பெருக்கல் குறி. தப்பைத் திருத்துகிற பொத்தான் எது என்று தெரியாமல் தப்பு செய்வது எப்படி இருக்கும் தெரியுமா? ஒவ்வொன்றாக அமுக்க, எது கையில் பட்டதோ, மெஷின் உறுமி ஒரு தாள் முழுக்கத் தலைகீழ்த் தலைமை ஆசிரியராகத் துப்பியது. அவர் அதை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க பசங்க கையில மட்டும் இது கிடைச்சிடக் கூடாதும்மா" என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அப்புறம் பெண்ணுக்கு வரன் பார்க்கிற ஓர் அம்மா. பெண் முகத்தில் ஒரே ஒரு பரு, அதைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினேன், பல்பு அகப்பட்டது. அது எரிகிறதா என்று பார்க்க மறுபடியும் அமுக்கினேன், மறுபடியும் அமுக்கினேன். முகமெல்லாம் வெளிச்சமாகி இரண்டு கண்ணும் கொஞ்சம் தலைமுடியும் மட்டும் மிச்சம். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கலரு நல்லாத்தான் வந்திருக்கு. மூக்கு மட்டும் கொஞ்சம் இருந்தா தேவலை" என்றாள். பக்கத்தில் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் முதல்தரம் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் காரணம் நீங்கள்தான் என்று பெருமைப்பட வேண்டாம்.

பிறகு ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டேன். தெருவில் அவருக்கு ஆஃப்-ஆன் என்று பேர். எந்த மெஷினைக் காட்டினாலும் அணைத்துப் போடுவார், அதற்கு மேல் வைத்தியம் கிடையாது. அவரும் அணைத்துப் போட்டார். பிறகு ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "பொத்தானுக்கு வெச்ச படமெல்லாம் ஒரு ஃபோல்டர்ல இருந்திருக்கும்மா. புரோகிராம் அந்த இடத்துல போய்த் தேடுது, அங்க ஃபோல்டரே இல்ல. யாரோ எடுத்திருக்காங்க" என்றார். "யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவர் பயந்துபோய், "நான் இல்லம்மா" என்றார். "இந்தப் புரோகிராமைத் தூக்கிட்டுப் புதுசாப் போட்டுடவா? அதுல வந்த படங்களே பளிச்சுனு வந்துடும்" என்று எலிக்குட்டி மாதிரி இருக்கிற அந்த மௌஸ் மேல் கை வைத்தார் பாருங்கள், ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றுவிட்டேன். அணைக்கவும் இல்லை, போடவும் இல்லை, அப்படியே போய்விட்டார்.

உங்களிடம் இதைச் சொன்னால் நீங்களும் அதையே சொல்கிறீர்கள். "பழசு எதுக்கு அண்ணி, வெள்ளிக்கிழமை நம்ம ஆள் ஒருத்தரை அனுப்பறேன், மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுக் குடுத்துடுவார்" என்கிறீர்கள். அடுத்த சில வரிக்கு மரியாதை கிடையாது, பொறுத்துக்கொள்ளவும். மூளை இருக்கிறதா உனக்கு? ஊரையெல்லாம் உட்கார வைத்துப் படம் எடுத்த மனுஷன், தன்னை எடுத்துக்கொண்டது எத்தனை என்று யோசித்துப் பார்த்தாயா? சுவரில் மாலையில்லாமல் மாட்டியிருக்கிறோமே, அது அவருடைய அடையாள அட்டையிலிருந்து நீ பெரிதாக்கிக் கொடுத்தது. அதில் யாரையோ போலீஸில் பிடித்துக் கொடுக்கப் போகிறவர் மாதிரி முறைக்கிறார். கல்யாணப் படங்களில் அவர் பாதி, தூண் பாதி. எனக்குப் பழகின முகம் அந்தப் பொத்தானில் இருந்ததுதான். நகத்தளவு முகம். வெள்ளிக்கிழமை உன் ஆள் வந்து மொத்தத்தையும் அழித்தால் அதைத் தேடி எடுக்கிற வழியும் போய்விடும். அந்த முகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்த உலகத்திலேயே இல்லாத அந்தச் சதுரச் சாமானைக் கொண்டுவந்து வைக்கிறாயே, நீயெல்லாம் ஒரு தம்பியா?

மரியாதை மறுபடியும் தொடங்குகிறது. நீங்கள் எதை எங்கே அழித்தீர்களோ, அங்கேயே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆபீஸில் லீவு கிடைக்காது என்று சொல்ல வேண்டாம், அண்ணன் முகத்தைத் தொலைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் எந்த முதலாளியும் லீவு கொடுப்பான். வெள்ளிக்கிழமை ஆள் வந்தால் கடைக் கதவு திறக்காது. ஒட்டடைக் கம்பு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், முழுதாக. என் ஓரகத்திக்கும் முழுதாக, கூடவே உங்களைக் கட்டிக்கொண்டதற்கு என் அனுதாபமும். உங்களுக்குப் பாதி ஆசீர்வாதம் மட்டும் இப்போது அனுப்பியிருக்கிறேன். மீதி, படங்கள் வந்து சேர்ந்த பிறகு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி
(அண்ணி என்று போட இன்றைக்கு மனசு வரவில்லை)

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஒட்டுவதற்கு முன் உங்கள் விலாசத்தை எழுத வேண்டியிருந்தது. நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. என் கண்ணாடியைக் காணோம். சரி, அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கலாம் என்று அவர் சாமான்கள் வைத்திருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடிக் கூட்டுக்குள் கண்ணாடி இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு பென் டிரைவும் இருந்தது.

பார்த்ததும் ஞாபகம் வந்தது. நீங்கள் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யப் போகிறேன் என்று சொன்னீர்களே, அதைக் கேட்டதும் பயம் வந்துவிட்டது எனக்கு. நீங்கள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரியைக் கூப்பிட்டேன். அவர் கையால் எடுத்த அந்தப் பொத்தான் படங்களை மட்டும் எனக்கு எடுத்துக் கொடு என்றேன். அவள் "ஒரு காப்பி போட்டுத் தர்றேங்க்கா" என்றாள். நான்தான் கூடாது என்றேன். "காப்பி எனக்கு எதுக்கு? எனக்கு அசல்தான் வேணும்" என்றேன். "கம்ப்யூட்டர்ல அசல் காப்பின்னு கிடையாதுக்கா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். "நாளெல்லாம் காப்பி போட்டுப் பிழைக்கறவ அப்படித்தான் சொல்லுவ. சொத்துப் பத்திரத்துக்குக் காப்பியக் குடுத்தா வாங்கிப்பியா? இங்க ஒண்ணும் விட்டு வைக்காம அசலை எடுத்து என் கையில குடு" என்று சண்டை பிடித்தேன். அழுகிற பொம்பளையோடு யார் வாதாடுவார்கள்? அவளும் முழுசாக அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவருடைய சட்டை, சீப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் சேர்த்து நான் பூட்டி வைத்திருக்கிறேன். அந்த நாட்களில் நான் எதை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உப்பு ஜாடி ஃபிரிட்ஜில் இருந்தது. என் கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. ஆக, உங்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக நானே எடுத்து ஒளித்ததைத்தான், நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜெராக்ஸ்காரி இப்போதுதான் வந்து ஃபோல்டரைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். வாளி வந்துவிட்டது. பல்பு, ஃபேன், செருப்பு எல்லாம் வந்துவிட்டன. இந்தத் தரம் காப்பியும் போட்டுக்கொண்டேன். போகிற போக்கில் அவள் வேறொன்று சொன்னாள். அன்றைக்குக் கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் சுத்தம் செய்தது கம்மியாம், சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டது வேறு சத்தமாம். நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்ததை நான் தூசி என்று நினைத்துவிட்டேன் தம்பி.

வெள்ளிக்கிழமை ஆளை அனுப்ப வேண்டாம். முடிந்தால் நீங்கள் வாருங்கள். மீதிப் பாதி ஆசீர்வாதத்தையும் இத்தோடு வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், இவ்வளவு எழுத இனி என் விரலால் ஆகாது.

நாக்கைக் கடித்த முகமும் வந்துவிட்டது. எத்தனை தரம் அமுக்கினாலும் அத்தனை படி பின்னால் போகும் என்று அவர் சொல்வார். கடையில் யாரும் இல்லை, வெறுமனே அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஓரளவுக்கு மேல் அது போகாது போலிருக்கிறது. இந்தக் கடிதம் தொடங்கின இடம் வரைக்குமாவது போகட்டும் என்று, உங்கள் பேரைச் சொல்லி இன்னொரு தரம் அமுக்கியிருக்கிறேன்.

அண்ணி